லை, லே: திருத்தப் போய்க் கெடுக்காதீர்கள்

ஆங்கிலப் பிரதிகளுக்கு மெய்ப்புப் பார்க்கப் புதிதாக வருகிறவர்களுடன் உட்காரும்போதெல்லாம் இரண்டு சொற்களுக்காகக் காத்திருப்பேன். 'கிட, படு' என்று பொருள் தரும் லை (lie), 'கிடத்து, வை' என்று பொருள் தரும் லே (lay). நான் அந்த நாளில் சறுக்கிய அதே இடத்தில் இவர்களும் சறுக்குகிறார்கள். பொய் சொல்வதைக் குறிக்கும் லை தனிச் சொல். அதில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை, விட்டுவிடலாம்.

'எதை?' என்று கேட்காதது

தன்வினையும் பிறவினையும் நமக்குப் பழக்கமானவை. குழந்தை தொட்டிலில் கிடந்தது. தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். இதை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. லை என்பது கிட, லே என்பது கிடத்து. லே பிறந்ததே லையின் பிறவினையாகத்தான். எழு, எழுப்பு போல அங்கே ரைஸ், ரெய்ஸ். கோழி எதை இடுகிறது? முட்டையை. அதனால் லே. களைப்பாக இருக்கிறது, போய்ப் படுக்கிறேன் என்றால் 'எதை'க்கு இடமே இல்லை. அங்கே லை டவுன்தான்.

பாதி விதியோடு திருத்துவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாவல் என் மேசைக்கு வந்தது. ஒரு வரியில் 'ஷி லே ஆன் த பெட்' என்று இருந்தது. லே வந்தால் செயப்படுபொருள் வேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். எதைக் கிடத்தினாள்? பதில் இல்லை. கதை நடப்பதோ இறந்தகாலத்தில். சரி, லேயின் இறந்தகாலமான லெய்ட் என்றுதான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, கணினியில் தேடித் தேடி அத்தனை இடத்திலும் மாற்றிவிட்டேன். அச்சாகி வந்த பிறகுதான் எழுதியவர் பார்த்தார். "நான் சரியாகத்தானே எழுதியிருந்தேன், யார் மாற்றியது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

லையின் இறந்தகாலமே லேதான். நிகழ்காலம், இறந்தகாலம், ஹேஸ் போன்றவற்றோடு வரும் வடிவம் என்று எடுத்தால் லை, லே, லெய்ன் ஒரு வரிசை. லே, லெய்ட், லெய்ட் இன்னொரு வரிசை. ஒன்றின் இறந்தகாலமும் மற்றதின் நிகழ்காலமும் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. ஃபாலின் இறந்தகாலம் ஃபெல், மரத்தை வெட்டி வீழ்த்துவதும் ஃபெல் என்பது போல.

அந்த வரியை இன்னொரு தடவை பாருங்கள். ஷி என்பதற்குப் பிறகு நிகழ்காலமாக இருந்தால் 'லேஸ்' என்று கடைசியில் எஸ் வந்திருக்கும். எஸ்ஸும் இல்லை, முன்னால் டிட், வில் போன்ற துணைவினையும் இல்லை. அப்படியானால் அது 'படுத்திருந்தாள்' மட்டுமே. விடை அந்த வரியிலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. எழுதியவர் தப்பு செய்தால் பிடிப்பதற்கு நாம் இருக்கிறோம். நாம் புகுத்தும் தப்பு நேரே அச்சுக்குப் போய்விடும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

லெய்னை மறப்பது

கடிதம் பல வாரமாக அங்கேயே கிடக்கிறது என்றால் 'ஹேஸ் லெய்ன்'. 'ஹேஸ் லெய்ட்' அல்ல.

லையிங், லேயிங்

கோழி சும்மா படுத்திருந்தால் லையிங். முட்டையிட்டுக்கொண்டிருந்தால் லேயிங்.

எல்லா 'லே டவுன்'களையும் வெட்டுவது

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் 'ஐம் கோயிங் டு லே டவுன்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுப் பழக்கம் அது. கதையில் ஒரு பாத்திரம் அப்படிப் பேசினால் கைவைக்காதீர்கள், அது அந்த ஆளின் பேச்சு. கதைசொல்லியின் வரியில் வந்து சந்தேகம் தட்டினால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதியவரிடம் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு மாற்றலாம்.