மலை வீட்டு மாலை: இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

மலையில் பொழுது சாய்வது நாட்காட்டி நேரப்படி நடக்காது. அஸ்தமனத்துக்கு வெகு முன்பே சூரியன் எதிர்முகட்டுக்குப் பின்னால் போய்விடும். கையோடு குளிரும் இறங்கும். நண்பர்களோடு நிம்மதியாக உட்கார வேண்டிய நேரமே அதுதான், அப்போது விறகு தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. கையை முழுக்க நீட்டி, விரல்களைப் படுக்கையாக அடுக்கி, சூரியனுக்கும் முகட்டுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள் (சூரியனை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், நேராகப் பார்க்காதீர்கள்). ஒரு விரல் ஏறக்குறைய 15 நிமிடம். எட்டு விரல் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

உயரமான கூரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள கூடம் பார்க்க அழகு, சூடேற்றப் பெரும்பாடு. வெப்பக்காற்று மேலேயே தங்கிவிடும். கூரை மின்விசிறியில் திசை மாற்றும் சுவிட்ச் இருந்தால், காற்று மேல்நோக்கிப் போகும்படி மாற்றி மிகக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். மேலே தேங்கிய சூடு சுவரோரமாகக் கீழே வரும்.

கணப்புதான், அதாவது குளிர்காய விறகெரிக்கும் அடுப்புதான், அந்த மாலையின் உயிர். அது புகைந்தால் எல்லாமே கெட்டுவிடும். முதலில் விறகைப் பாருங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈர விறகு மந்தமாக 'தொம்' என்னும். காய்ந்த விறகின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சூடு நீரை ஆவியாக்கவே செலவாகும், புகைபோக்கியின் உட்சுவரில் தார் படியும்.

பிறகு புகைபோக்கியின் தடுப்புத் தகட்டைத் திறங்கள். குளிர்ந்த புகைபோக்கிக்குள் கனத்த குளிர்காற்று அடைப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும். அப்படியே பற்றவைத்தால் புகை கூடத்துக்குள்தான் திரும்பும். செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, திறப்புக்கு அடியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். சுடர் மேலே இழுபட்டால் வழி திறந்துவிட்டது. இழுபடவில்லையா? சமையலறையின் புகை உறிஞ்சும் விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

அடுக்குவதில் தலைகீழ் முறையே சிறந்தது. அடியில் மூன்று பருத்த கட்டைகள், அதன்மேல் குறுக்காக நாலைந்து நடுத்தரத் துண்டுகள், உச்சியில் விரல்பருமன் சுள்ளிகள் பத்துப் பன்னிரண்டு. நெருப்பை உச்சியில் வையுங்கள். தணல் தானாகக் கீழிறங்கும், புகை குறையும், முக்கால் மணி நேரமாவது யாரும் எழுந்து கிளற வேண்டியதில்லை.

வெளியே நெருப்புக் குழி இருந்தால் இருக்கைகளை மேட்டுப்பக்கம் போடுங்கள். அமைதியான இரவில் குளிர்காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். புகையும் அதோடு போகும். காற்று பலமாக வீசும் இரவில் குழியைப் பற்றவைக்கவே வேண்டாம்.

சமையலை முந்தின நாளே முடித்துச் சூடுபண்ணிக்கொள்வது நல்லது. 2,000 மீட்டரில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் பயறும் குக்கர் இல்லாமல் லேசில் வேகாது.

உள்ளே இறங்கி ஊறும் வெந்நீர்த் தொட்டி இருந்தால், அது சூடேற மணிக்கணக்காகும், காலையிலேயே மூடியோடு இயக்கிவிடுங்கள். 38 டிகிரி சுகமானது, 40-ஐத் தாண்டவே கூடாது. ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். மது அருந்திவிட்டு இறங்க வேண்டாம். சூடும் மதுவும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி மயக்கம் வரவைக்கும். துண்டும் செருப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்கு உயரத்தாலேயே தலைவலி, குமட்டல் வரும். அடுப்புப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் இதே அறிகுறிகளைத்தான் தரும், அதற்கு வாசனையும் கிடையாது. உள்ளே இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உயரத்தின் மேல் பழிபோட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எல்லோரும் உடனே வெளியேறி உதவிக்கு அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று வந்தவுடனே பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுங்கள். கரியடுப்பை எக்காரணம் கொண்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம்.

படுக்கப் போகும்போது சூடு போய்விடுமே என்று தடுப்புத் தகட்டை மூடிவிடாதீர்கள். கங்கு முழுக்க ஆறும்வரை அது திறந்தே இருக்க வேண்டும். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, மரத்தளத்தில் அல்லாமல் வெறும் மண்ணிலோ கல்லிலோ, வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள்.