தங்கையின் உதவித்தொகைக் கட்டுரையைச் சரிசெய்த விதம்

அமெரிக்கத் தனியார் கல்லூரிகளுக்குத் உதவித்தொகை கேட்டுத் தங்கை விண்ணப்பித்தபோது, காமன் ஆப் என்ற, பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பத்துக்கு அவள் எழுதிய கட்டுரை முழுக்க வீட்டுக் கஷ்டம்தான் இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அப்பாவின் வருமான விவரம், பல கல்லூரிகள் நிதியுதவிக்காகக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தில் தனியாகப் போய்விடுகிறது. கட்டுரைக்கு இருப்பதோ அதிகபட்சம் 650 சொல். அதில் அவள் எங்கே?

எழுதியதை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் தையல் கடையில் நீ என்னவெல்லாம் செய்வாய் என்று கேட்டு, போனில் ரெக்கார்ட் செய்தேன். தீபாவளி நேரத்தில் ஜாக்கெட் துணிகள் மாறிப்போய்ச் சண்டை வந்ததையும், அதன்பிறகு அளவு நோட்டின் பக்க எண்ணைத் துண்டுத்துணியில் எழுதி ஒவ்வொன்றிலும் தான் குத்திவைத்ததையும் மடமடவென்று சொன்னாள். இதைவிட நல்ல விஷயம் வேறென்ன வேண்டும்? அதையே எழுதச் சொன்னேன். ‘சிறு வயது முதலே’ என்று தொடங்கிய பழைய பத்தி போயிற்று. நான் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை, தரவும் கூடாது.

அப்புறம், சில கல்லூரிகள் தனியாகக் கேட்கும் ‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்ற குட்டிக் கேள்வி. பதிலில் வேறு கல்லூரியின் பெயரைப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் பொருந்திய வரிகளை அடித்துவிட்டு, அங்கே மட்டும் உள்ள பாடத்தையும் ஆய்வகத்தையும் பெயர் சொல்லி எழுதினாள். கடைசியாகச் சத்தமாக வாசித்தாள். மூச்சு முட்டிய வாக்கியங்களை அவளே இரண்டாக்கினாள்.