விலை மாற வேண்டும், விலைப்பட்டியல் மாறக் கூடாது: தொடரியல் மரத்தால் நிரலைத் திருத்துவது எப்படி?

பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க இடம் தருகிறது. ஒரு கோப்பில் இந்த மூன்று வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்:

விலை = 100  # கடைக்கு வந்த விலை
விலைப்பட்டியல் = [விலை, விலை * 2]
செய்தி = "விலை குறைந்தது"

'விலை' என்ற மாறியின் பெயரை மட்டும் 'அடக்கம்' என்று மாற்ற வேண்டும். எடிட்டரில் தேடி மாற்றினால் 'அடக்கம்ப்பட்டியல்' என்று ஒன்று பிறக்கும். மேற்கோளுக்குள் இருக்கும் செய்தியும் கெடும். ரெஜெக்ஸில் (உரையில் வடிவங்களைத் தேடும் முறை) சொல் எல்லைக் குறி இருக்கிறதே என்று தோன்றலாம். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதி தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. அதனால் தனியே நிற்கும் 'விலை' அதன் கண்ணில் படாது. 'விலைப்பட்டியல்' என்பதற்குள் இருக்கும் 'விலை'யோ சிக்கிவிடும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்! தமிழில் நிரல் எழுதுபவர்கள் தொடரியல் மரத்தை, அதாவது நிரலின் கட்டமைப்பைக் கிளைகளாகக் காட்டும் வடிவத்தை, கற்க இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

படி 1: மரமாக்குங்கள். பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். நிரலைத் தொடரியல் மரமாக்கும் ஏஎஸ்டி (ast) தொகுதி கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கோப்பின் உரையை அதன் 'பார்ஸ்' செயற்கூறுக்குக் கொடுத்தால் மரம் கிடைக்கும்.

படி 2: மரத்தைப் பாருங்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டாதீர்கள். 'டம்ப்' செயற்கூறில் 'இண்டென்ட்' மதிப்பாக 4 கொடுத்து அச்சிடுங்கள். உச்சியில் 'மாட்யூல்', அதன் கீழ் மூன்று 'அசைன்' கணுக்கள் (மரத்தின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு கணு; அசைன் என்பது மாறிக்கு மதிப்புத் தரும் வரி). நம் 'விலை' மூன்று இடங்களில் 'நேம்' கணுவாக நிற்கும்: மதிப்பைப் பெறும் இடத்தில் 'ஸ்டோர்' என்றும், படிக்கப்படும் இரண்டு இடங்களில் 'லோட்' என்றும் குறிப்புடன். 'விலைப்பட்டியல்' வேறொரு நேம் கணு. மேற்கோளுக்குள் இருக்கும் செய்தியோ 'கான்ஸ்டன்ட்'. உரையில் ஒன்றுபோல் தெரிந்தவை இங்கே வெவ்வேறு கிளைகளில் இருக்கின்றன.

படி 3: மாற்றுங்கள். 'நோட்டிரான்ஸ்ஃபார்மர்' வகுப்பிலிருந்து புதிய வகுப்பு ஒன்றை உருவாக்கி, அதில் 'விசிட்_நேம்' என்ற செயற்கூறை எழுதுங்கள் (நேம் என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்து). கணுவின் 'ஐடி' (மாறியின் பெயர்) 'விலை' ஆக இருந்தால் 'அடக்கம்' என்று மாற்றி, கடைசியில் அந்தக் கணுவைத் திருப்பித் தர வேண்டும். மாற்றாத கணுவையும் திருப்பித் தர வேண்டும். எதையும் திருப்பித் தராமல் விட்டால் 'இதை நீக்கிவிடு' என்று பைத்தான் புரிந்துகொள்ளும். பட்டியலிலிருந்து கணு மறையும், பெருக்கலின் இடப்பக்கம் வெறுமையாகி அடுத்த படியில் பிழை வரும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

படி 4: மரத்தை மீண்டும் உரையாக்குங்கள். 'அன்பார்ஸ்' தருவது இது:

அடக்கம் = 100
விலைப்பட்டியல் = [அடக்கம், அடக்கம் * 2]
செய்தி = 'விலை குறைந்தது'

பெயர் சரியாக மாறிவிட்டது. ஆனால் முதல் வரியின் குறிப்புரை காணோம். இரட்டை மேற்கோள் ஒற்றையாகிவிட்டது. இந்த மரம் நிரலின் பொருளை மட்டுமே வைத்திருக்கிறது. இடைவெளிக்கும் குறிப்புரைக்கும் அதில் இடமில்லை. மற்றவர்களும் படிக்கும் நிரலென்றால் இன்ஸ்டாகிராம் வெளியிட்ட திறமூல நூலகமான லிப்சிஎஸ்டியைப் பயன்படுத்துங்கள். அதன் மரம் குறிப்புரைகளையும் காக்கும்.

சிலர் மரத்திலிருந்து இடத்தை மட்டும் தெரிந்துகொண்டு மூல உரையை நேரடியாகத் திருத்துவார்கள். அங்கே கவனம் தேவை. இரண்டாம் வரியில் அடைப்புக்குள் வரும் முதல் 'விலை'க்கு முன்னால் நம் கண்ணுக்கு 8 தமிழ் எழுத்தும் 4 குறிகளும்தான். பைத்தான் சரத்தில் அது, 0இலிருந்து எண்ணினால், 18ஆம் இடம். வரியில் கணு தொடங்கும் இடத்தைச் சொல்லும் 'கால்_ஆஃப்செட்' காட்டுவதோ 46. அது யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட்டுகளை எண்ணுகிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆகவே வரியைப் பைட்டுகளாக மாற்றிய பிறகே வெட்டுங்கள்.

செயற்கூறின் அளபுருவாக 'விலை' வந்தால் அது நேம் கணு அல்ல, 'ஆர்க்' கணு. அதற்கு 'விசிட்_ஆர்க்' தனியாக எழுத வேண்டும்.