ஆட்ரியாட்டிக் கூழாங்கல் கரைக்குக் குடும்பத்தோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரை என்றதும் நம் மனதில் எழுவது மணல்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வோம், பிள்ளைகளை அலையில் கால் நனைக்க விடுவோம், ஈர மணலில் வீடு கட்டுவோம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, ஆட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கும் குரோவேஷியாவின் டால்மேஷியக் கரைக்குத் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. ஜெர்மனியில் இருக்கும் நாங்கள் மூன்று கோடைகளாகக் குழந்தைகளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வருகிறோம். கீழே சொல்லியிருப்பவற்றில் சிலவற்றை முதல் முறை நாங்களே செய்தோம்.

அங்கே கரை ஏன் கல்லாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் என்ன எடுத்துப்போவது, எப்போது போவது என்பதெல்லாம் எளிதாகப் புரியும். மகார்ஸ்கா ஊருக்குப் பின்னால் பியோகோவோ மலை 1762 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அது அப்படியே சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையில் பெரும்பகுதி பாறை வெடிப்புகளில் இறங்கி நிலத்துக்கு அடியிலேயே ஓடிவிடுவதால், மணலையும் வண்டலையும் அள்ளிவந்து கொட்டும் பெரிய ஆறுகள் குறைவு. உடைந்து விழும் கல்லை அலை உருட்டி உருட்டி வழவழப்பாக்குகிறது. கலங்கச் சேறு இல்லாததால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. எதிர்க்கரையில், இத்தாலியில், போ ஆறு வண்டல் கொண்டுவருகிறது. அதனால் ரிமினி பக்கம் நீண்ட மணல் கரையும் ஆழமில்லாத கடலும் கிடைக்கின்றன. மணல்தான் வேண்டும், குழந்தை இன்னும் தவழ்கிற வயது என்றால் அந்தப் பக்கம் போவதே நல்லது. ஒரே கடல்தான், இரண்டு கரைகளும் இரண்டு விதம்.

சரி, கல் கரைதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்த தவறு, செருப்பு.

ரப்பர் செருப்பு போதும் என்று நினைக்காதீர்கள். கரையில் நடக்க அது உதவும். தண்ணீரில் இறங்கிய இரண்டாவது அடியில் கழன்று மிதந்துவிடும். குதிகாலை மூடி, காலோடு ஒட்டி நிற்கும் அக்வா ஷூ ஆளுக்கொரு ஜோடி வேண்டும். பெரியவர்களுக்கும்தான். பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கிக்கொடுத்துவிட்டு நாம் வெறுங்காலோடு இறங்கினால், பிள்ளை தடுமாறும்போது பிடிக்க நம்மால் நாலடி ஓட முடியாது. ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் அளவு கடற்கரைக் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். வளரும் காலுக்குப் போன வருட ஷூ பத்தாது.

இந்த ஷூவுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கடல் முள்ளெலி. உருண்டையாக, கறுப்பாக, உடல் முழுக்க முள்ளோடு பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருண்டுகொண்டே இருக்கும் சுத்தமான கூழாங்கல் தரையில் அதை அதிகம் பார்க்க முடியாது, ஒட்டிக்கொள்ள அசையாத பாறை வேண்டும் அதற்கு. ஆகவே கரையின் நடுவில் இறங்குவதைவிட, இரு ஓரங்களிலும் கல் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் இறங்கும்போதுதான் கவனம் தேவை. பிள்ளைகளை இழுப்பதும் அந்த இடம்தான், மீனும் நண்டும் அங்கேதான் இருக்கும். இரண்டாம் வருடம் என் மகள் பாறையில் ஏற உள்ளங்கையை ஊன்றினாள், ஐந்தாறு முள் ஏறிவிட்டது. பதற்றத்தில் நான் அழுத்திப் பிதுக்கினேன். முள் உடைந்து உள்ளேயே தங்கியது. அப்படிச் செய்யக்கூடாது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இடுக்கியால் மெதுவாக எடுக்கலாம். வினிகரில் ஊறவைத்தால் மேலாக இருக்கும் முள் இளகும். மூட்டுக்கு அருகில் ஏறியிருந்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். ஒரு இடுக்கியும் சின்ன வினிகர் பாட்டிலும் பையில் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடலின் சரிவு. மணல் கரையில் ஆழம் படிப்படியாகக் கூடும். கூழாங்கல் கரை பல இடங்களில் படக்கென்று இறங்கும். நாலு எட்டு வைத்தால் பெரியவருக்கு இடுப்பு, இன்னும் இரண்டு எட்டில் கால் எட்டாது. போதாக்குறைக்கு அலை பின்வாங்கும்போது காலடியில் இருக்கும் கல்லும் சேர்ந்து நழுவும், சிறு பிள்ளையால் நிற்க முடியாது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழமும் குறைவாகத் தெரிந்து ஏமாற்றும். முதல் நாள் பிள்ளைகளை விடுவதற்கு முன் நீங்கள் இறங்கி, எங்கே சரிகிறது என்று நடந்து பாருங்கள். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு உடலோடு கட்டும் மிதவைச் சட்டை போடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும், போன் பார்த்துக்கொண்டு கரையில் உட்காரும் வேலை வேண்டாம்.

காற்றடைத்த மெத்தை, அன்னப்பறவை மிதவை இவற்றை வாங்காமலே விட்டால் இன்னும் நிம்மதி. காரணம் காற்று. நம் கரையோர மக்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று பெயர் வைத்திருப்பது போல டால்மேஷியர்களுக்கும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. கோடையில் நாள்தோறும் கடலிலிருந்து வருவது மாயெஸ்ட்ரால். காலையில் இருக்காது, முற்பகலில் கிளம்பி, பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கிவிடும். வெயிலுக்கு இதமான நல்ல காற்று. தென்கிழக்கிலிருந்து வரும் யூகோ மேகத்தையும் அலையையும் கொண்டுவரும், அது வீசும் நாளில் பிள்ளைகளோடு கடலில் இறங்காமல் ஊர் சுற்றப் போவதே மேல். மூன்றாவது புரா. மலையிலிருந்து கடல் நோக்கிக் குபீரென்று பாயும் வறண்ட காற்று. குளிர்காலத்தில்தான் அதிகம் என்றாலும் கோடையிலும் வந்துபோகும். அது அடிக்கும்போது கரையோரத் தண்ணீர் அமைதியாகவே தெரியும். ஆனால் மெத்தையில் படுத்திருக்கும் பிள்ளையை நிமிடங்களில் நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். மெத்தை மட்டும் போனால் விட்டுவிடுங்கள், அதைத் துரத்தி நீந்தாதீர்கள். கடல் மீட்புக்கு 195, பொதுவான அவசரத்துக்கு 112. இரண்டையும் எல்லோருடைய போனிலும் போட்டுவையுங்கள்.

பிராச் தீவில் போல் ஊரின் ஸ்லாட்னி ராட் கரைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காற்றுக் கணக்கு இன்னும் முக்கியம். பெயருக்குத் தங்க முனை என்று பொருள். வெள்ளைக் கூழாங்கல் ஒரு நாக்கு போலத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கிறது. காற்றும் நீரோட்டமும் மாறினால் அந்த நாக்கின் நுனியும் இப்படியும் அப்படியும் வளையும். மேலே இருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் நுனிக்குத்தான் ஓடுகிறார்கள். குடும்பத்தோடு அங்கே குளிக்க வேண்டாம், நீரோட்டம் இழுக்கும். பிற்பகலில் மேற்குப் பக்கம் மாயெஸ்ட்ராலை நேராக வாங்குவதால் பாய்மரப் பலகைக்காரர்கள் அங்கே பறந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கிழக்குப் பக்கம்தான் ஏற்றது. மிதவைக் கயிறு கட்டியிருக்கும் எல்லைக்கு வெளியே படகுகள் ஓடும் என்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதைத் தாண்டக்கூடாது.

நிழலைப் பற்றியும் பலர் யோசிப்பதில்லை. மணலில் குடைக்கம்பைக் குத்தி நிறுத்தலாம், கூழாங்கல்லில் நிற்காது. கல்லைச் சுற்றிக் குவித்து நிறுத்தினாலும் பிற்பகல் காற்று பிடுங்கி எறிந்துவிடும், பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழுந்தால் காயம்தான். ஸ்லாட்னி ராட்டின் அடிப்பகுதியிலும், மகார்ஸ்காவுக்குப் பக்கத்து ஊரான பிரேலாவின் புன்டா ராட்டா கரையிலும் பைன் மரங்கள் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கே போனால் மர நிழலில் இடம் கிடைக்கும். பதினோரு மணிக்குச் சாப்பாட்டு மூட்டையோடு வந்து நின்றால் வெட்டவெளிதான். எட்டுக்குப் போய், பதினொன்றரைக்குத் திரும்பி, சாப்பிட்டுத் தூங்கி, ஐந்துக்கு மறுபடி இறங்குவது எங்கள் வழக்கம். பைன் மரத்தடியில் சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது, அந்தக் கரையில் காட்டுத்தீ உண்மையான ஆபத்து. விரிக்க மெல்லிய துண்டு போதாது, முதுகில் கல் குத்தும், மத்தியானத்தில் சுடவும் செய்யும். தடிமனான நுரைப் பாய் கொண்டுபோங்கள்.

மணல் வாளியும் மண்வெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த இடத்தில் ஒரு நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழலும் வையுங்கள். இந்தக் கடலின் பெரிய கொடை அந்தத் தெளிவுதான், குனிந்து பார்த்தாலே மீன் தெரியும். சப்பைக் கல்லைத் தண்ணீரில் தத்தவிடக் கற்றுக்கொடுத்தால் என் பையனுக்கு ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

பயணத்தில் வரும் தவறுகள் வேறு வகை. அங்கே வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கு சனி என்று மாறுகின்றன. அதனால் ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலையும் ஸ்பிளிட் துறைமுகமும் பிதுங்கும். வேறு கிழமையில் வீடு தருகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்பிளிட்டிலிருந்து பிராச் தீவின் சுபெதார் வரை கார் ஏற்றும் கப்பல் சுமார் 50 நிமிடம். அங்கே இறங்கினால் போல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், போல் தீவின் மறுபக்கம் இருக்கிறது. மலை ஏறி இறங்கும் பாதையில் இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வாந்தி வரும் பிள்ளை இருந்தால் மருந்தை முன்பே கொடுத்துவிடுங்கள். மகார்ஸ்காவில் தங்குகிறவர்களுக்கு அங்கிருந்தே தீவின் சுமார்தினுக்குக் கப்பல் உண்டு. ஸ்பிளிட்டுக்கும் போலுக்கும் இடையே நேராக ஓடும் வேகப் படகில் கார் ஏற்ற முடியாது. தீவு மக்களுக்காக ஓடும் படகு காலையில் ஸ்பிளிட்டுக்கும் பிற்பகலில் தீவுக்கும் போவது. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்கும் நமக்கு அது தலைகீழ். கோடையில் கூடுதல் படகுகள் விடுகிறார்கள் என்றாலும், திரும்பும் படகின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் போகும் படகை முடிவுசெய்யுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து அழைத்துப்போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது விசா. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்தில் இருக்கிறது, அதனால் ஷெங்கன் விசாவோடு போகலாம். ஆனால் மகார்ஸ்காவிலிருந்து எல்லோரும் போகும் மோஸ்தார் போஸ்னியாவில் இருக்கிறது, அது ஷெங்கன் இல்லை. ஒரே முறை நுழையும் விசா வைத்திருக்கும் அம்மாவோ அப்பாவோ எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த விசாவில் திரும்பி உள்ளே வர முடியாது. துப்ரோவ்னிக் போகும் வழியிலும் முன்பு நெயும் என்ற இடத்தில் போஸ்னியா குறுக்கிடும். 2022 ஜூலையில் பெல்யெஷாத்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவுக்குள் நுழையாமலே போகலாம், ஆனால் வழிகாட்டும் செயலி எந்தப் பாதையைக் காட்டுகிறது என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2023 ஜனவரியில் நாணயமும் யூரோ ஆகிவிட்டது, பழைய பயணக் குறிப்புகளில் குனா என்று இருந்தால் அந்த விலைகளை நம்பாதீர்கள். எஃப்.கே.கே என்று பலகை இருந்தால் அங்கே ஆடையின்றிக் குளிப்பவர்கள் இருப்பார்கள். அப்புறம் சங்கடப்படுவதைவிடப் பலகையைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிவிடலாம். மே மாதத்தில் வெயில் அழகாக இருக்கும், கடல் குளிரும். ஜூன் கடைசியும் செப்டம்பர் முதல் பாதியும்தான் என் கணக்கில் சிறந்த காலம்.

வீடு எடுப்பதில் எல்லோரும் ஏமாறுவது "கடலுக்கு 200 மீட்டர்" என்ற வரியில். அது வரைபடத் தூரம். பிரேலா போன்ற ஊர்கள் மலைச்சரிவில் இருப்பதால் அந்த 200 மீட்டரும் படிக்கட்டாக இருக்கக்கூடும். முதல் வருடம் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நூறு படிக்கு மேல். தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலிக்கும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மூன்றாம் நாள் அம்மா, "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் பால்கனியில இருந்தே பாத்துக்கிறேன்" என்றுவிட்டார். எத்தனை படி, பாதை சமதளமா என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டிருக்கலாம்.

வயதானவர்களைக் கரையில் உட்காரவைத்துப் பைக்குக் காவல் போடுவது எனக்கு மனதுக்கு ஒப்பாத விஷயம். உருளும் கல்லில் அவர்களால் இறங்க முடியாது என்பது உண்மை. ஆனால் டால்மேஷிய ஊர்களில் பல இடங்களில் சிமெண்டுத் தளமும், அதிலிருந்து கடலுக்குள் இறங்கக் கம்பிப்பிடி வைத்த ஏணியும் இருக்கின்றன. சில கரைகளில் சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளமே உண்டு. அப்படி ஒரு இடத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். சேலை நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், அதனால் முழங்காலுக்குக் கீழே வரும் நீச்சலுடை ஒன்றை அவர்களுக்கும் வாங்குங்கள். இந்தக் கடலில் உப்பு பெருங்கடலைவிடச் சற்று அதிகம், உடல் எளிதாக மிதக்கும். போன வருடம் மாயெஸ்ட்ரால் அடங்கிய ஒரு மாலையில், அம்மா ஏணிக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி அரைமணி நேரம் மிதந்தார். மேலே வரச் சொல்லி நாங்கள் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.