அரைக்கம்பம் என்பது கயிற்றைப் பாதியில் கட்டுவது அல்ல

2015ஆம் ஆண்டு ஜூலை 27 இரவு ஷில்லாங்கில் அப்துல் கலாம் காலமானார். மறுநாள் காலை ஒரு பள்ளியின் வாசலில் நின்றிருந்தேன். ஊழியர் ஒருவர் தேசியக் கொடியைக் கம்பத்தின் பாதிவரை ஏற்றி, அங்கேயே கயிற்றை இறுக்கிக் கட்டினார். சுற்றி நின்ற ஆசிரியர்கள் கண் கலங்கியிருந்தார்கள். அவர்களுடைய துக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. கொடியை ஏற்றிய முறையில்தான் பிழை. மாலையில் அதே பாதியிலிருந்து நேராகக் கீழே இறக்கினார்கள். அதுவும் பிழைதான்.

2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. துக்க நாளிலும் கொடி முதலில் உச்சிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கணம் நின்ற பிறகே அதை அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும். மாலையில் மீண்டும் உச்சிவரை ஏற்றி, அதன் பிறகு முழுவதுமாக இறக்க வேண்டும். தன் முழு உயரத்தைத் தொட்ட கொடிதான் துக்கத்துக்காகத் தாழ முடியும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதிலும் குழப்பம் உண்டு. உச்சியிலிருந்து ஒரு முழம் இறக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பம் சாயாமலிருக்கப் பக்கவாட்டில் கயிறு இழுத்துக் கட்டியிருந்தால், உச்சிக்கும் அந்தக் கயிற்றுக்கும் நடுவே கொடி நிற்க வேண்டும். அப்படிக் கயிறு இல்லையென்றால், கம்பத்தின் சரிபாதியில் நிற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, யாரும் உத்தரவிடாமலேயே கொடியைத் தாழ்த்துவது. 2022 ஜூலை முதல் வீட்டில் இரவும் பகலும் கொடி பறக்கவிடலாம் என்று விதி தளர்ந்த பிறகு, எத்தனையோ மாடிகளில் மூவர்ணக் கொடி பறக்கிறது. ஊர்ப் பெரியவர் மறைந்தாலோ, விபத்தில் பலர் இறந்தாலோ, நம் வீட்டுக் கொடியையும் தாழ்த்தலாமே என்று மனம் சொல்லும். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அரைக்கம்பம் என்பது அரசு நாட்டின் சார்பில் தெரிவிக்கும் துக்கம். அரசின் அறிவுறுத்தல்படி பொதுக் கட்டடங்களில் கொடி தாழ்த்தப்படும் சந்தர்ப்பங்கள் தவிர, மற்ற நேரங்களில் அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதை 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் அவமதிப்பாகவே பார்க்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு.

யாருக்காக எங்கே தாழ்த்துவது என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் மறைந்தால் நாடு முழுவதும்; மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்றால் டெல்லியில்; ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுவதும். கலாம் முன்னாள் குடியரசுத் தலைவர் என்பதால் இந்தப் பட்டியலில் வரமாட்டார். அவருக்கான ஏழு நாள் துக்கம் தனி அறிவிப்பாக வந்தது. லதா மங்கேஷ்கருக்கு 2022 பிப்ரவரியில் இரண்டு நாள், அதே ஆண்டு செப்டம்பரில் எலிசபெத் அரசிக்கு ஒரு நாள், 2025இல் போப் பிரான்சிஸுக்கு மூன்று நாள் என்று அறிவித்தார்கள். ஆகவே போன முறை ஏழு நாள்தானே என்று நினைவை நம்பிச் செய்ய வேண்டாம். அறிவிப்பில் உள்ள தேதிகளைப் பாருங்கள்.

துக்கக் காலத்துக்குள் குடியரசு தினமோ, சுதந்திர தினமோ, காந்தி ஜயந்தியோ வந்தால் அன்று கொடி முழுக் கம்பத்தில்தான் பறக்கும். ஜாலியன்வாலாபாக் தியாகிகளின் நினைவாக அனுசரிக்கப்படும் ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரத்துக்கும், மாநிலம் உருவான நாளுக்கும் இதே விதிதான். ஒரே விலக்கு, மறைந்தவரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடம். அங்கே மட்டும் கொடி தாழ்ந்திருக்கும். உடலை எடுத்துச் சென்றதும் அதுவும் உச்சிக்கு ஏறிவிடும். இறந்தவரை மறந்துவிட்டோமோ என்று யாரும் அன்று கலங்க வேண்டியதில்லை.

கொடிக் கம்பத்தின் உச்சியில் மாலை போடுவது, கொடியிலேயே அஞ்சலி வாசகம் எழுதுவது, இரங்கல் கூட்டத்தில் மரியாதைக்காகக் கொடியைச் சாய்ப்பது ஆகிய மூன்றையும் விதிகள் தடுக்கின்றன. கருப்பு நாடாவுக்கும் கட்டுப்பாடு உண்டு. அணிவகுப்பில் ஏந்திச் செல்லும் கொடியின் ஈட்டிமுனையில் இரண்டு கருப்புத் துணி நாடாக்களை இயல்பாகத் தொங்கவிடலாம், அதுவும் அரசு உத்தரவு இருந்தால் மட்டும்.

இறுதி ஊர்வலங்களில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அன்பு மிகுதியால் தலைவரின் உடல்மீது தேசியக் கொடியைப் போர்த்திவிடுகிறார்கள். அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கு, ராணுவம், துணை ராணுவப் படையினரின் இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. போர்த்தும்போதும் காவி நிறம் தலைப் பக்கம் இருக்க வேண்டும். அடக்கம் செய்வதற்கு முன்போ, சிதைக்குத் தீ மூட்டுவதற்கு முன்போ கொடியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அது குழிக்குள் இறங்கக் கூடாது, நெருப்பிலும் எரியக் கூடாது. வீரர்களின் இறுதிச் சடங்கில் அப்படி எடுத்த கொடியை மடித்துக் குடும்பத்தினரின் கையில் கொடுப்பார்கள்.