கோனைப் பார்த்தால் கோன்தான் விழும்: ஆட்டோகிராஸில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய பார்க்கிங் லாட்டிலோ பழைய விமான ஓடுதளத்திலோ, தரையில் ஆரஞ்சு கோன்களை (சாலைப் பணிகளில் வைக்கும் கூம்புகள்) பரப்பிவிட்டு, பத்துப் பேர் எதையோ முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தால் அது ஆட்டோகிராஸ். பக்கத்தில் முட்டிக்கொண்டு வர இன்னொரு கார் கிடையாது. கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம், அதுவும் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். ஆபீசுக்குப் போகிற காரிலேயே போகலாம், ஹெல்மெட்டைக்கூடப் பல கிளப்கள் இரவல் தருகின்றன. ஆனால் நாள் முழுக்க நின்றாலும் ஸ்டியரிங்கைப் பிடிப்பது மொத்தம் ஐந்தாறு நிமிடம்தான். அதில் ஒன்றை வீணாக்கினால் வயிறு எரியும்.

முதல் தவறு கார் கிளம்பும் முன்பே நடந்துவிடும். காலையில் பாதையை நடந்து பார்க்க நேரம் தருவார்கள். புதியவர்கள் அதைக் காபியும் அரட்டையுமாகக் கழித்துவிடுவார்கள். நின்றுகொண்டு பார்த்தால் வழி தெளிவாகத்தான் தெரியும். சீட்டில் உட்கார்ந்ததும் எல்லாம் ஒரே ஆரஞ்சுக் குவியல். அதனால் முக்கியமான திருப்பங்களில் குந்தி உட்கார்ந்து, சீட் உயரத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். படுத்திருக்கும் கோனின் நுனி ஒரு நிற்கும் கோனைக் காட்டும். நீங்கள் போக வேண்டியது அந்த நிற்கும் கோனுக்கு அந்தப்புறம். இதைத் தவறவிட்டு வழி மாறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. கோனை இடித்துத் தள்ளினால் ஒன்றுக்கு 2 விநாடி கூடும். ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் இடம் மாறுகிற விளையாட்டில் 2 விநாடி என்பது மலை.

அடுத்தது கண். எனக்கு இதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். வரிசையாக நிற்கும் ஐந்து கோன்களை இடமும் வலமுமாக வளைத்துப் போகும் ஸ்லாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோனுக்குக் கொஞ்சம் தாமதமாகத் திருப்பினால் இரண்டாவதற்கு இன்னும் தாமதம். நான்காவதில் ஸ்டியரிங்கோடு மல்யுத்தம், ஐந்தாவது கோன் காருக்கு அடியில். என் முதல் நாளில் அப்படி ஒரு கோனைப் பம்பருக்கு அடியில் கரகரவென்று இழுத்துக்கொண்டே முடிவுக்கோடு வரை வந்தேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் வேறெதுவும் சொல்லவில்லை, "எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். முன்னால் இருந்த கோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்! கண் போகிற இடத்துக்குத்தான் கையும் போகும். முதல் கோனைத் தாண்டுவதற்குள் பார்வை மூன்றாவதற்குப் போய்விட வேண்டும்.

வேகமாக நுழைவதும் அப்படித்தான். திருப்பத்துக்குள் பாய்ந்துவிட்டு, கார் நேராகவே போகிறதே என்று ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார்கள். முன் டயர்கள் ஏற்கெனவே பிடிமானத்தை இழந்து கதறிக்கொண்டிருக்கும்போது மேலும் திருப்பிப் பயனில்லை. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். பிரேக்கை நேர்வழியிலேயே முடித்துக்கொண்டு, மெதுவாக நுழைந்து, வேகமாக வெளியே வாருங்கள். அப்புறம், புறப்படும்போது டயரைத் தேய்த்துப் புகை கிளப்ப வேண்டாம். தொடக்கக் கோட்டில் நேரம் அளக்கும் கருவியின் ஒளிக்கற்றையைக் கார் தாண்டிய பிறகுதான் கடிகாரமே ஓடத் தொடங்கும்.

பணத்தால் செய்கிற தவறும் உண்டு. இரண்டாவது வாரமே ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்திவிட்டு வந்து நிற்பார்கள். எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) விதிப்படி, அதிகம் மாற்றாத கார்களுக்கான ஸ்ட்ரீட் வகுப்பில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. மாற்றினால் இன்னும் கடுமையாகத் தயார் செய்த கார்களோடு மோத வேண்டிவரும். செலவும் செய்து கடைசி இடமும் வாங்குவானேன்? அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு நாள் ஓட்டலாம். உயரமான எஸ்யூவி, வேன் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கவிழ்ந்து உருளும் அபாயம் இருப்பதால் பல இடங்களில் அவற்றை விடுவதில்லை.

ஓட்டத்துக்கு முன் காரைச் சோதிக்கும்போது பேட்டரி ஆடுகிறதா, வீல் நட்டு இறுக்கமா என்று கிளப்காரர்கள் பார்ப்பார்கள். சீட்டுக்கு அடியில் கிடப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவருக்கு மகனின் பொம்மை கார் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் நின்றது. நல்லவேளை, அது வரிசையில் காத்திருந்த நேரம். தரை மிதியடியையும் எடுத்து வெளியே வையுங்கள்.

ஓட்டாத நேரத்தில் கோன் எடுத்து வைக்கும் வேலை எல்லோருக்கும் உண்டு. அப்போது ஓடும் காருக்கு முதுகைக் காட்டாதீர்கள், போன் பையிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் எந்த வழியில் வளைந்து போகிறார்கள் என்பதை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்க வேறு வாய்ப்பு வராது. மாலையில் கிளம்பும் முன், டயர்கள் ஆறிய பிறகு, ஓட்டத்துக்காகக் காலையில் ஏற்றியோ இறக்கியோ வைத்த டயர் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.