சுவரோரத்து இட்லிப்பூ மட்டும் மஞ்சளானது ஏன்?

தக்கலைப் பக்கம் எங்கள் புது வீட்டு முற்றத்தை ஒரு தோட்ட வடிவமைப்பாளரை வைத்து மாற்றியமைத்தோம். எல்லாம் தழைத்தது, சுவரோர இட்லிப்பூச் செடிகள் மட்டும் வெளிறிக்கொண்டே போயின.

தொழுவுரம், யூரியா, வேப்பெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. பலனில்லை.

வடிவமைப்பாளர் வந்து ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்தார். நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள். அதுவும் கொழுந்தில்தான், அடியிலை பச்சையாகவே இருந்தது. தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறை என்றார். செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? மண்வெட்டி போட்டதும் தெரிந்தது: பூச்சு வேலையில் விழுந்த சிமெண்ட் கலவை சுவரடியில் கட்டி கட்டியாகப் புதைந்து கிடந்தது. மண்ணின் பிஎச் (புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 8-ஐத் தாண்டியிருந்தது. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் இழுக்க முடியாது.

ஒன்றரை அடி தோண்டிக் கலவையை அள்ளிவிட்டு, வேறு செம்மண்ணும் மட்கிய உரமும் நிரப்பினோம். இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தோம். அடுத்த கொழுந்து பச்சையாக வந்தது. அப்பாடா!

அன்னபேதி சுவரில் பட்டால் துருக்கறை லேசில் போகாது. தெளிக்கும்போது சாக்கு கட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.